சுற்றுலாப் பேருந்து அப்சர்வேட்டரியிலும் நிற்கட்டும்

பழனி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், வத்தலக்குண்டு, பெரியகுளம் வட்டாரங்களில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு:

பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் அலகில் 'ஒருங்கிணைத்தல்' பற்றிச் சிறிய பத்தி ஒன்று வருகிறது. கீழே விழும் பொருளையும் பூமியைச் சுற்றும் நிலவையும் நியூட்டன் ஒரே விதிக்குள் கொண்டுவந்தார் என்று சொல்லிவிட்டு, நாம் அலகுகளுக்கும் பரிமாணங்களுக்கும் போய்விடுகிறோம். அதன்பிறகு ஈர்ப்பு ஒரு பாடம், மின்னோட்டம் ஒரு பாடம், ஒளியியல் ஒரு பாடம், அணுக்கரு இன்னொரு பாடம். இரண்டாண்டு முடிவில் பிள்ளைகளிடம் சூத்திரங்கள் மிஞ்சுகின்றன. இந்தப் பாடங்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

பிள்ளைகள் அதை மறப்பதில்லை. கைப்பேசியில் காணொளி பார்த்துவிட்டு வந்து, "சார், எல்லாத்துக்கும் ஒரே சமன்பாடு இருக்காமே, அது என்ன?" என்று கேட்கிறார்கள். "சிலபஸ்ல இல்லப்பா" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். நேர நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்கான பாதி விடை நம் தலைக்கு மேலே, பழனி மலையின் உச்சியில் இருக்கிறது. ஆண்டுதோறும் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி அதன் வாசலைக் கடந்து கூட்டிப்போய், ஏரி, பிரையண்ட் பூங்கா, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, குணா குகை என்று காட்டி அழைத்து வருகிறோம். அப்சர்வேட்டரி என்று ஊரார் சொல்லும் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் பேருந்து நிற்பதில்லை. அங்கேயும் நிறுத்துங்கள், போவதற்கு முன் ஒரு பாடவேளையை இந்தக் கதைக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கதையைப் பஞ்சத்திலிருந்து தொடங்கலாம். 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். சூரியப் புள்ளிகள் கூடிக் குறைவதற்கும் பருவமழை பொய்ப்பதற்கும் தொடர்பு இருக்குமோ என்ற எண்ணம் அப்போது வலுத்தது. சூரியனை நாள்தோறும் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்றார்கள். சென்னை வான் ஆய்வகத்தின் மிக்கி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கொடைக்கானலைத் தேர்ந்தார். 1895இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1901இல் அங்கே நோக்குப் பணி தொடங்கியது. கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரம். வாகனச் சாலை வராத காலம் என்பதால், கருவிகளை ஆட்கள் சுமந்துதான் மலையேற்ற வேண்டியிருந்தது. மழையை முன்கூட்டிச் சொல்லும் ஆசை அங்கே நிறைவேறவில்லை. ஆனால் பஞ்சத்துக்காகக் கட்டிய அந்த இடம் வேறொரு பெரிய கேள்விக்குள் இழுத்துச் செல்லப்பட்டது.

இயற்கையின் விசைகளை ஒன்றாகப் பார்க்கும் முயற்சி அதற்கு முன்பே நெடுந்தூரம் வந்திருந்தது. 1820இல் எர்ஸ்டெட், மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டார். 1831இல் ஃபாரடே, மாறும் காந்தப்புலத்திலிருந்து மின்னோட்டத்தைப் பெற்றார். 1865இல் வெளிவந்த மேக்ஸ்வெல்லின் கட்டுரை மின்சாரம், காந்தம், ஒளி மூன்றையும் ஒரே புலத்துக்குள் சேர்த்தது. இவ்வளவும் நம் பாடத்தில் உண்டு. பாடத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: அதே ஃபாரடே 1849 வாக்கில் கம்பிச்சுருள்களை உயரத்திலிருந்து கீழே விழவிட்டு, ஈர்ப்பிலிருந்து மின்னோட்டம் பிறக்கிறதா என்று சோதித்தார். எதுவும் பிறக்கவில்லை. இல்லை என்ற அந்த விடையை மறைக்காமல் 1851இல் அச்சிட்டார். தொடர்பு இருக்கும் என்ற நம்பிக்கையையும் விடவில்லை. ஈர்ப்பை மற்ற விசைகளோடு சேர்க்க முயன்றவர்களின் நீண்ட வரிசை அங்கே தொடங்குகிறது.

ஈர்ப்புக்கும் ஒளிக்கும் உள்ள உறவை எண்ணில் சொன்னவர் ஐன்ஸ்டைன். 1911இல் எழுதிய கட்டுரையில், சூரியனை விட்டு வெளியேறும் ஒளி அதன் ஈர்ப்பை எதிர்த்து ஏறும்போது ஆற்றலை இழக்கும், அதனால் அலைநீளம் சிவப்புப் பக்கம் சற்றே நகரும் என்றார். எவ்வளவு நகரும் என்பதை உங்கள் மாணவரே கணக்கிடலாம். ஈர்ப்பு மாறிலியைச் சூரியனின் நிறையால் பெருக்கி, வந்ததைச் சூரியனின் ஆரத்தாலும் ஒளிவேகத்தின் இருமடியாலும் வகுக்க வேண்டும். நான்கு எண்களும் புத்தகத்தில் உள்ளவைதான். பத்து லட்சத்தில் 2.12 பங்கு என்று விடை வரும். 6,000 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள ஒரு கோடு நூறில் ஓர் ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு நகரும், அவ்வளவுதான்.

கணக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அளந்து பார்ப்பதற்கோ ஆண்டுகள் பிடித்தன. அந்த வேலையில் உலகிலேயே முன்வரிசையில் நின்ற இடங்களில் ஒன்று நம் கொடைக்கானல்.

1907இல் அங்கே வந்து சேர்ந்த ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் சூரியப் புள்ளிகளின் நிறமாலையைப் படமெடுத்தார். புள்ளியின் சாம்பல் விளிம்பில் வாயு நொடிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவு வேகத்தில் வெளிநோக்கிப் பாய்வதைக் கோடுகளின் சாய்விலிருந்து கண்டுபிடித்தார். இன்றும் உலகெங்கும் அது எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது. 1911இல் ஆய்வகத்தின் இயக்குநரானார். உதவி இயக்குநராக வந்த தாமஸ் ராய்ட்ஸ், மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டோடு சேர்ந்து ஆல்ஃபா துகள் என்பது ஹீலியம் அணுக்கருவே என்று 1909இல் நிறுவியவர். ஹீலியமோ 1868இல் முதலில் சூரிய ஒளியில் புலப்பட்டு, 1895இல்தான் பூமியில் கைக்குக் கிடைத்த தனிமம். அணுக்கருப் பாடத்தில் நாம் நடத்தும் ஆல்ஃபா துகளின் அடையாளத்தைக் கண்டுபிடித்த கைகள், பின்பு நம் மலையில் சூரியக் கோடுகளை அளந்திருக்கின்றன. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அளந்த விதத்தை விரிவாகவே சொல்லுங்கள். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறையில் நிறமாலைமானியும் கீற்றணியும் வைத்துப் பாதரச விளக்கின் பச்சைக் கோட்டுக்கு அலைநீளம் காண்கிறோம் அல்லவா, வேலை அதே இனம்தான். கண்ணாடித் தட்டில் சூரியனின் நிறமாலை. அதை ஒட்டி, ஆய்வகத்திலேயே எரியும் இரும்பு மின்வில்லின் நிறமாலை. சூரியனில் உள்ள இரும்பும் மேசைமேல் உள்ள இரும்பும் ஒரே கோடுகளைத் தரும். இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை விலகல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு எவர்ஷெட் ஒரு வழி வகுத்தார். படமெடுத்த நெகட்டிவ் தட்டையும், அதிலிருந்து எடுத்த பாசிட்டிவ் நகலையும் திசை மாற்றி ஒன்றன்மேல் ஒன்று வைப்பார்கள். கருங்கோடும் வெண்கோடும் பொருந்தி ஒன்றையொன்று அழிக்கும்வரை நுண்திருகைத் திருப்புவார்கள். திசை மாற்றி வைத்திருப்பதால் விலகல் இரண்டு மடங்காகத் தெரியும்.

விலகல் இருந்தது. அமெரிக்காவில் ஜூவெலும், பின்னர் பிரான்சில் ஃபாப்ரியும் புய்சோனும் அதை முன்பே பார்த்திருந்தார்கள். சூரிய வாயுவின் அழுத்தமே காரணம் என்ற கருத்து அப்போது நிலவியது. கோடு உருவாகும் அடுக்கில் அழுத்தம் மிகக் குறைவு, ஆகவே அது காரணமாக முடியாது என்று வாதிட்டவர் எவர்ஷெட். அப்படியானால் காரணம் வாயுவின் ஓட்டமா, ஐன்ஸ்டைன் சொன்ன ஈர்ப்பா? சூரிய வட்டத்தின் நடுவில் பார்த்தால் விலகல் கணக்கைவிடக் குறைவு. விளிம்பில் பார்த்தால் அதிகம். கோட்டுக்குக் கோடு வேறுபாடு. அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தின் செயின்ட் ஜான், அப்படி ஓர் ஈர்ப்பு விலகலே இல்லை என்று 1917இல் அறிவித்தார்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பிள்ளைகள் உணர வேண்டும். இந்தச் செம்பெயர்ச்சி இல்லையென்றால் தன் பொதுச் சார்பியல் நிற்காது என்று ஐன்ஸ்டைனே எழுதியிருந்தார். 1919 கிரகணத்தில் ஒளி வளைவது உறுதியாகி உலகம் கொண்டாடிய பிறகும், இந்தக் கணக்கு தீராமல் இருந்தது.

எவர்ஷெட் அவசரப்படவில்லை. பூமியை நோக்கிய முகத்தில் மட்டும்தான் இந்த விலகலா, பூமியே சூரிய வாயுவை விலக்கித் தள்ளுகிறதா என்ற விசித்திரமான ஐயத்தைக்கூட அவர் ஒதுக்காமல் சோதித்தார். சூரியனின் மறுபக்கத்தை எப்படிப் பார்ப்பது? வெள்ளிக் கோளில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பிடித்து அதன் கோடுகளை அளந்தார். ஒளி வளைவதைத் தாமே பார்க்க 1922இல் ஆஸ்திரேலியாவின் வாலல் கடற்கரைக்குக் கருவிகளோடு போனார். கருவிக் கோளாறால் அந்தப் பயணம் பலன் தரவில்லை. ஆனால் 1923 வாக்கில், ஓட்டத்தின் பங்கையும் ஈர்ப்பின் பங்கையும் பிரித்துப் பார்த்து, ஐன்ஸ்டைன் சொன்ன விலகல் சூரியனில் இருக்கத்தான் செய்கிறது என்ற முடிவுக்கு வந்தார். செயின்ட் ஜானும் அதே காலத்தில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். நடுவில் விலகல் குறைவாகத் தெரிந்ததற்குக் காரணம் பின்னர் தெளிவானது: சூரியனின் மேற்பரப்பில் சூடான வாயு மேலெழுந்து நம்மை நோக்கி வருவதால், அது நீலப் பக்கம் இழுத்து ஈர்ப்பின் விலகலில் ஒரு பகுதியை மறைத்துவிடுகிறது. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, நிலவில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியைச் சிலி நாட்டுத் தொலைநோக்கியில் பிடித்து இரும்புக் கோடுகளை அளந்தது. வேகக் கணக்கில் சொன்னால் நொடிக்கு 638 மீட்டர் கிடைத்தது. கோட்பாடு சொல்வது 633. கொடைக்கானலில் திருகைத் திருப்பித் தேடிய எண் அதுதான்.

இதில் ஒருங்கிணைப்பு எங்கே வருகிறது என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் வருகிறது. ஈர்ப்பையும் மின்காந்தத்தையும் ஒரே வடிவியலுக்குள் கொண்டுவர 1918இல் ஹெர்மன் வைல் ஒரு கோட்பாடு தந்தார். கணிதம் அவ்வளவு நேர்த்தி; ஐன்ஸ்டைனே வியந்தார். ஆனால் உடனே ஒரு தடை சொன்னார். வைல் சொல்வதுபோல் நீளமும் கடிகார வேகமும் ஒரு பொருள் கடந்துவந்த மின்காந்தப் புலத்தைப் பொறுத்து மாறுமானால், இரண்டு இரும்பு அணுக்கள் வெவ்வேறு பாதையில் வந்திருந்தால் வெவ்வேறு கோடுகளைத் தர வேண்டும். கூர்மையான நிறமாலைக் கோடு என்ற ஒன்றே இருக்க முடியாது. ஆனால் இரும்பு எங்கிருந்து வந்தாலும் இரும்பின் கோடுகளைத்தான் தருகிறது. சூரியனின் கொந்தளிப்பிலிருந்து வந்த இரும்புக் கோடும் மேசைமேல் எரிந்த மின்வில்லின் இரும்புக் கோடும் அடுத்தடுத்து நின்று, கணக்கில் அடங்கும் ஒரு சிறு விலகலைத் தவிர ஒத்துப்போவதைக் கொடைக்கானலில் அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அழகான கோட்பாடு நிறமாலைக் கோட்டின் முன் நிற்கவில்லை.

அது வீணாகவும் போகவில்லை. 1927இல் லண்டன் என்ற இயற்பியலாளரும் 1929இல் வைலும், மாறுவது நீளம் அல்ல, குவாண்டம் அலையின் கட்டம் என்று அதைத் திருத்தி எடுத்தார்கள். அந்தத் திருத்தத்திலிருந்து வளர்ந்த கோட்பாடுதான் பின்னாளில் மின்காந்த விசையையும் வலிமை குறைந்த அணுக்கரு விசையையும் இணைத்தது. அந்த வழியில் நம் பக்கத்து ஆள் ஒருவர் உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த ஈ. சி. ஜி. சுதர்சன் 1957இல் மார்ஷக்கோடு சேர்ந்து அந்த வலிமை குறைந்த விசையின் வடிவத்தை வரையறுத்தார். அதன்மேல் கிளாஷோ, வெய்ன்பர்க், சலாம் மூவரும் 1960களில் கட்டிய இணைப்பை, 1973இலும் 1983இலும் ஜெனிவாவின் செர்ன் ஆய்வகச் சோதனைகள் உறுதி செய்தன.

அடுத்த படி வலிமையான அணுக்கரு விசையையும் சேர்ப்பது. ஒடிசாவில் பிறந்த ஜோகேஷ் பதியும் சலாமும், தனியாக ஜார்ஜியும் கிளாஷோவும், 1974 வாக்கில் அதற்கான கோட்பாடுகளை முன்வைத்தார்கள். அவை உண்மையானால் புரோட்டான் என்றாவது ஒருநாள் சிதைய வேண்டும். இதைச் சோதிக்க உலகில் முதலில் இறங்கிய இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல். நம் வட மாவட்டங்களிலிருந்து போன தமிழ்த் தொழிலாளிகளின் தலைமுறைகள் தோண்டிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானியக் குழுவும் 140 டன் எடையுள்ள இரும்புக் கருவியை அடுக்கி 1980இன் இறுதியில் காத்திருக்கத் தொடங்கின. எதற்கு அவ்வளவு இரும்பு? அவகாட்ரோ எண்ணைக் கொண்டு உங்கள் மாணவரே போட்டுப் பார்க்கட்டும்: 140 டன்னில் புரோட்டானும் நியூட்ரானுமாக ஏறக்குறைய 8×10³¹ துகள்கள் உண்டு. புரோட்டானின் ஆயுள் 10³¹ ஆண்டு என்றால், ஆண்டுக்குச் சில சிதைவுகளாவது அங்கே தெரிய வேண்டும். சிதைவாக இருக்கலாம் என்று சில நிகழ்வுகளை அந்தக் குழு அறிவித்தது. அதைவிடப் பெரிய கருவிகளில் அவை உறுதிப்படவில்லை. ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே, ஆயுள் 10³⁴ ஆண்டுக்கும் மேல் என்று இன்று காட்டியிருக்கிறது. ஜார்ஜி, கிளாஷோவின் எளிய வடிவம் அடிபட்டுவிட்டது, மற்றவை காத்திருக்கின்றன. ஈர்ப்பையும் குவாண்டத்தையும் சேர்க்கும் வேலை இன்னும் முடியவில்லை. ஐன்ஸ்டைன் தம் கடைசி முப்பது ஆண்டுகளை ஈர்ப்பையும் மின்காந்தத்தையும் ஒரே புலத்துக்குள் சேர்க்கும் முயற்சிக்கே கொடுத்துவிட்டு, அது கைகூடாமலே 1955இல் மறைந்தார்.

இந்தக் கதையை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகள் பார்க்கும் காணொளிகளில் ஒருங்கிணைப்பு என்பது ஒரு மேதையின் தலையில் உதிக்கும் சமன்பாடாக வருகிறது. அழகாக இருந்தால் உண்மை என்ற எண்ணம் மெல்ல ஊறுகிறது. வைல், ஃபாரடே, கோலார், கொடைக்கானல் நான்கும் சொல்வது வேறு. ஒன்று என்று சொல்வது எளிது. எந்த அளவில், எத்தனை தசம இடத்தில் ஒன்று என்று காட்ட வேண்டும். அப்படிக் காட்டும் வேலையை நம் மாவட்டத்து மலையில் ஆண்டுக்கணக்கில் செய்திருக்கிறார்கள். இல்லை என்று வந்த விடையையும் எழுதி வைத்திருக்கிறார்கள். செய்முறை நோட்டில் வராத விடையை வந்ததுபோல் திருத்தி எழுதும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாடம் நம்மிடம் இல்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, சுற்றுலாவுக்கு முந்தைய வாரத்தில் ஒரு பாடவேளை. செம்பெயர்ச்சிக் கணக்கையும் புரோட்டான் கணக்கையும் பிள்ளைகளே போடட்டும். இரண்டுக்கும் புத்தகத்தில் உள்ள மாறிலிகள் போதும்.

இரண்டாவது, ஆய்வகத்துக்கு முன்கூட்டியே எழுதி, பார்வை நேரத்தைக் கேட்டுக்கொண்டு பேருந்தை அங்கே நிறுத்துங்கள். அருங்காட்சியகம் இருக்கிறது. 1904இல் தொடங்கி நாள்தோறும் எடுத்த சூரியப் படங்களின் தொகுப்பு அந்த ஆய்வகத்தின் சொத்து. உலகில் அதற்கு இணையானவை மிகச் சில. அவை இன்று எண்ணிம வடிவில் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. தரைக்கடியில் 60 மீட்டர் நீளச் சுரங்கத்தில் சூரிய ஒளியை இறக்கி நிறமாலையாகப் பிரிக்கும் கோபுரத் தொலைநோக்கியும் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது, திரும்பி வந்த பின் கீற்றணிச் செய்முறையைச் செய்யும்போது, "இதே வேலையைத்தான் மேலே செய்தார்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிழையின் அளவையும் எழுதச் சொல்லுங்கள். அலைநீளத்தில் தன் பிழை எத்தனை ஆங்ஸ்ட்ராம், எவர்ஷெட் தேடியது எத்தனை ஆங்ஸ்ட்ராம் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவருக்கு, எல்லாவற்றுக்குமான கோட்பாடு ஏன் இன்னும் கைக்கு வரவில்லை என்பது தானாகவே புரியும். அந்த வேலையில் தனக்கும் இடம் உண்டு என்பதும் புரியும்.

ஒட்டன்சத்திரத்துச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிவரும் குடும்பத்துப் பிள்ளையும், பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவரின் பிள்ளையும், நம் அரசுப் பள்ளி ஆய்வகத்தில் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்க்கிறார்கள். இயற்பியலின் ஆகப் பெரிய கேள்வி நடந்த தெரு தம் ஊருக்கு மேலேயே இருக்கிறது என்பதை அறியாமல் அவர்கள் பள்ளியை விட்டுப் போகக் கூடாது. வரும் கல்வியாண்டின் சுற்றுலாத் திட்டத்தை எழுதும்போது, தூண் பாறைக்கு முன்னால் அப்சர்வேட்டரி என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சக இயற்பியல் ஆசிரியர்